வாசலில் ஒரு பெயின்ட் ஷாப்

வியாழக்கிழமைகளில் போசரியின் சத்தம் மாறிவிடும். மற்ற நாட்களில் விடிந்ததிலிருந்து லேத்துகளும் பிரஸ்களும் இரைந்துகொண்டிருக்கும் தொழிற்பேட்டை அன்று ஓய்ந்து கிடக்கும். புனே வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறை வியாழன்தான். மின்சாரப் பளுவைப் பங்கிட்டுக்கொள்ள என்றோ செய்த ஏற்பாடு, இப்போது ஊரின் பழக்கம். முடி வெட்டிக்கொள்வது, கேஸ் அடுப்பைப் பழுது பார்ப்பது, பெண் பார்க்கப் போவது எல்லாம் அன்றைக்குத்தான். லாண்டேவாடி, இந்திராயணி நகர், திகி ரோடு பக்கத்துச் சந்துகளில் இன்னொரு வேலையும் அன்று நடக்கும். பம்பர் இல்லாமல், விளக்குகள் இல்லாமல், கண்ணாடிகள் மேல் பழைய 'சகாள்' நாளிதழ் ஒட்டப்பட்டு, உடம்பெல்லாம் சாம்பல் பூசிய சாமியாரைப் போல ஒரு கார் நிற்கும். அதைச் சுற்றி நாலைந்து பேர் ஈர உப்புத்தாளும் பக்கெட் தண்ணீருமாக உட்கார்ந்திருப்பார்கள்.

கார் பதினைந்து வயதைத் தாண்டியதாக இருக்கும். உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் பிரஸ் ஷாப்பில் ஃபிட்டர், ஒருவர் வெல்டர், இன்னொருவர் பவுடர் கோட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர் என்று அமைந்துவிடுவது இந்த ஊரின் கொடுப்பினை. சென்னையிலோ மதுரையிலோ காருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் டிங்கர் பட்டறையைத் தேடிப் போக வேண்டும். போசரியில் பட்டறையில் இருக்க வேண்டிய ஆட்கள் எதிர் வீட்டிலும் மாடியிலும் குடியிருக்கிறார்கள். கூலி கேட்க மாட்டார்கள். மத்தியானம் சாப்பாடு போட வேண்டும், அடுத்த முறை அவர்கள் வீட்டு வண்டிக்குப் போய் உட்கார வேண்டும். மராத்திக்கார 'காகா'வும் தமிழ் அண்ணனும் மலையாளி சேட்டனும் ஒரே கதவைத் தேய்க்கும் காட்சி இங்கே யாருக்கும் அதிசயமாகத் தெரிவதில்லை.

ஊர் அப்படி உருவானது. பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, போசரி என்ற நான்கு கிராமங்களைச் சேர்த்து 1970இல் ஒரு நகராட்சி ஆக்கினார்கள். 1982இல் அது மாநகராட்சியாயிற்று. அதற்கு முன்பே பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸும், ஆகுர்டியில் பஜாஜும், 1960களின் நடுவில் டெல்கோவும் வந்துவிட்டன. பெரிய ஆலைகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறிய கூடங்கள் போசரியில் முளைத்தன. டெல்கோ 2003இல் டாடா மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதற்குள் 1991இல் சியரா, அடுத்த ஆண்டு எஸ்டேட், 1994இல் சுமோ, 1998 கடைசியில் இண்டிகா என்று அந்தப் புனே ஆலையிலிருந்து வண்டிகள் வந்தபடி இருந்தன. ஆகவே இன்று போசரிச் சந்தில் நிற்கும் பழைய இண்டிகாவுக்கு முதல் பெயின்ட் அடிக்கப்பட்டது சில கிலோமீட்டர் தள்ளித்தான். அங்கே அடித்ததற்கும் இங்கே அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தச் சந்துகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம்.

தொழிற்சாலையில் கண்ணாடியும் இன்ஜினும் இல்லாத வெறும் தகட்டுக் கூடு ஒரு பெரும் தொட்டிக்குள் முழுகி எழுகிறது. தொட்டியில் மின்சாரம் பாய்வதால் பிரைமர் இண்டு இடுக்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு கூடு அடுப்புக்குள் போகும். அடுப்பின் சூடு 160 டிகிரிக்கு மேல், அதாவது அப்பளம் பொரியும் சூட்டுக்குப் பக்கம். அடுத்தடுத்த பூச்சுகளும் சூட்டில்தான் இறுகுகின்றன. எல்லாம் சேர்த்து மொத்தக் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் அதைச் சுரண்ட நகம் போதாது. ஓடித் திரிந்த காரை இப்படி அடுப்பில் வைக்க முடியாது. உள்ளே ரப்பர் இருக்கிறது, ஒயர் இருக்கிறது, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. எனவே வீட்டு வாசலில் அடுப்பின் வேலையை வேறு எதாவது செய்தாக வேண்டும். அது எது என்பதில்தான் வம்பு. அதற்குப் பிறகு வரலாம்.

முதலில், எதற்காக இந்தப் பாடு? காதல் ஒரு காரணம் என்றால், ஆர்.டி.ஓ. இன்னொரு காரணம். சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குப் பிறகு வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் வரை இதற்கு மத்திய அரசின் கட்டணம் 600 ரூபாய். அன்றிலிருந்து 5,000. இருபது வயதைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கினார்கள். மகாராஷ்டிரத்தின் சுற்றுச்சூழல் வரி தனி. பழைய வண்டிகளை உடைக்கக் கொடுங்கள் என்பதுதான் அரசு சொல்லாமல் சொல்வது. துருப்பிடித்த, நிறம் மங்கிய காரைப் பரிசோதகர் முன்னால் நிறுத்தத் தயக்கம். பட்டறையில் முழு பெயின்ட் என்றால் அந்தக் காரின் விற்பனை விலையில் பாதியைக் கேட்பார்கள். 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன மாருதி 800க்கு அவ்வளவு செலவு செய்தால் சுற்றத்தார் சிரிப்பார்கள். ஆகவே, 'நாமே அடித்துவிடுவோம்.'

நாமே அடிக்கும் வேலையில் பத்தில் எட்டுப் பங்கு, அடிக்கும் வேலையே அல்ல; தேய்க்கும் வேலை. மழைக்காலத்தில் இதை ஆரம்பிப்பவர்கள் புதியவர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் அதிகம். லேக்கர் வகைப் பெயின்ட் வேகமாக உலரும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பளபளப்பு பாலாடை போல வெளுத்துவிடும். அனுபவஸ்தர்கள் தசராவுக்கு முன்னால் தகரத்தையும், தீபாவளிக்கு முன்னால் நிறத்தையும் முடிப்பார்கள். தீபாவளி விடுமுறை என்றால் பிள்ளைகளும் கைக்கு உதவி.

முதல் வியாழன் கழற்றுவதற்கு. பம்பர், கிரில், விளக்குகள், கைப்பிடிகள், ரப்பர் பட்டைகள். எந்த ஸ்க்ரூ எங்கே என்பதை டப்பாக்களில் போட்டு எழுதி வைக்கும் பொறுப்பு வழக்கமாக வீட்டில் கையெழுத்து நன்றாக உள்ளவருக்கு வரும். அப்படி எழுதாத வீடுகளில் கடைசி நாள் நான்கு ஸ்க்ரூ மிஞ்சும். அந்தக் கார் அதன் ஆயுள் முழுவதும் ஏதோ ஓரிடத்தில் கடகடக்கும். பிறகு துரு. புனே மழையில் நனைந்த கார் சக்கர வளைவிலும் கதவுக்குக் கீழேயும் அரித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகும். அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அவசரப்பட்டு அதன் மேலேயே பட்டி அப்பினால் இரண்டு மழைக்குள் உள்ளிருந்து கொப்பளம் கிளம்பும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பையில் ஒரு காந்தம் கொண்டுபோவது இதனால்தான். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் நிற்காது.

ஒடுங்கல்களைத் தட்டி நிமிர்த்த ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் ஒரு கனத்த இரும்புத் துண்டு. தட்டத் தட்டத் தகடு நீளும் என்பதால் குறைவாகத் தட்டுபவரே நல்ல கைக்காரர். மிச்சப் பள்ளத்துக்குப் பட்டி. ஹார்டனர் பசையை மிகச் சிறிதளவு கலந்தால் கால் மணிக்குள் கல்லாகிவிடும். அதிகம் கலந்தால் தகட்டில் ஏறுவதற்கு முன் தட்டிலேயே கல். வீட்டுக்கு வீடு முதல் கலவை வீணாகும். அதைச் சொல்லிச் சிரிக்க ஒரு மச்சான் இருப்பார்.

பிறகு உப்புத்தாள். கரடுமுரடான எண்பதாம் எண்ணில் தொடங்கி, நானூறு, எண்ணூறு என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். பட்டி பார்த்த இடம் சமமாகிவிட்டதா என்று கண்ணால் தெரியாது. உள்ளங்கையால்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு பழைய உத்தி உண்டு: தேய்ப்பதற்கு முன் கறுப்பு பெயின்ட்டை லேசாகத் தூவிவிடுவது. தேய்த்த பின்னும் கறுப்பு மிஞ்சிய இடம் பள்ளம். இந்த வேலைக்கு வயது, படிப்பு, பதவி வித்தியாசம் கிடையாது. பன்னிரண்டு வயதுப் பெண் தேய்த்த கதவும் இருபது வருட அனுபவஸ்தர் தேய்த்த கதவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது, சில சமயம் பெண்ணின் கதவே மேல். அவளுக்குப் பொறுமை அதிகம், கையில் பலம் குறைவு. தேய்ப்பதற்கு இரண்டும் நல்லது.

நிறம் எது என்ற சண்டைதான் வேலையைவிட நீளமானது. பெரியவர் பழைய நிறமே போதும் என்பார். பையனுக்குக் கறுப்பு, கூரை மட்டும் சிவப்பு. மெட்டாலிக் என்று யாராவது ஆரம்பித்தால் கை தெரிந்தவர் தலையாட்டி மறுப்பார். அதிலுள்ள அலுமினியத் துகள் ஒரே சீராகப் படிய வேண்டும். கன் ஒரு சாண் கிட்டே போனாலும் திட்டுத் திட்டாகத் தெரியும். வீட்டு வேலையில் வெள்ளை அதிகம் இருப்பதற்கு ரசனை காரணமில்லை. வெள்ளை மன்னிக்கும். கறுப்பு எதையும் மறைக்காது. ஒரு நிறம் மட்டும் யாருக்கும் கிடையாது: ஆலிவ் பச்சை. மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதி அதைப் பாதுகாப்புத் துறைக்கென்று ஒதுக்கியிருக்கிறது. பழைய ஜீப் வாங்கியவர்களுக்கெல்லாம் வரும் முதல் ஆசை அதுதான் என்பது வேறு விஷயம்.

நிறத்தை மாற்றினால் இன்னொரு கடமையும் சேர்கிறது. பதிவுச் சான்றிதழில் நிறத்துக்கென்று ஒரு வரி உண்டு. காரின் நிறமும் காகிதத்தின் நிறமும் வேறாக இருந்தால் போலீஸ்காரருக்குத் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வரும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரருக்கு வேறு யோசனை வரும். ஆர்.டி.ஓ.வில் சொல்லிச் சான்றிதழைத் திருத்தி, இன்ஷூரன்ஸுக்கும் எழுதிவிட வேண்டும். பெரியவரின் 'பழைய நிறமே போதும்' என்பதில் இவ்வளவு அலைச்சல் மிச்சம்.

கடைசி வியாழனில்தான் ஸ்பிரே. வாடகைக் கம்ப்ரசர் வந்திறங்கும். தெருவைத் தண்ணீர் தெளித்து அடக்குவார்கள், தூசி எழாதிருக்க. கோலம் போடாத வாசலுக்கு அன்று மட்டும் அந்த மரியாதை. சிறிய காருக்கு மூன்று நான்கு லிட்டர் பெயின்ட்டும், அதற்குக் குறையாமல் தின்னரும் செலவாகும். கன்னை ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் நகர்த்த வேண்டும். நின்றால் வடியும், ஓடினால் வறண்டு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரக்கும். இரண்டையும்விடக் கொடுமை, பூசிய ஈரப் பரப்பில் திடீரென்று மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகிக்கொள்வது. டயரும் டாஷ்போர்டும் மின்னட்டும் என்று முதல் நாள் பையன் அடித்த சிலிக்கான் பாலிஷின் கைவரிசை அது. மூன்று வார உழைப்பு அரை நிமிடத்தில் போய்விடும். மறுபடி உப்புத்தாள்.

இந்தப் பெயின்ட்டை நம்மவர்கள் இன்றும் 'டூகோ' என்கிறார்கள். அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 1920களில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரின் வணிகப் பெயர் அது. அதற்கு முன் கார்களுக்கு அடித்த வார்னிஷ் பூச்சுகள் உலர வாரக்கணக்கில் ஆகும். டூகோ மணிக்கணக்கில் உலர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார் 1924 மாடலில் அதை நீல நிறத்தில் பூசிக்கொண்டு வந்தது. ஃபோர்டின் கறுப்புக்குப் பதில் சொன்ன நிறம் என்று அதைச் சொல்லலாம். பெயின்ட் மாறி எத்தனையோ காலமாகியும் இந்தியப் பட்டறைப் பலகைகளில் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி அந்த வம்பு. லேக்கர் வெறும் காற்றில் உலரும், ஆனால் சீக்கிரம் மங்கும், பெட்ரோல் சிந்தினால் கறை விழும். அதனால் இப்போது பலரும் கேட்பது 'டூ-கே' எனப்படும் பாலியூரித்தேன் பெயின்ட். இரண்டு டப்பாக்கள்: ஒன்று பெயின்ட், ஒன்று ஹார்டனர். தொழிற்சாலையில் அடுப்பு செய்ததை இங்கே ஹார்டனரின் ரசாயனம் செய்கிறது. பளபளப்பு ஏறக்குறைய கம்பெனிப் பளபளப்பு. ஆனால் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் வகைப் பொருள். 1984இல் போபாலில் கசிந்த மீதைல் ஐசோசயனேட் இந்தக் குடும்பத்தின் மிகக் கொடிய உறுப்பினர். பெயின்ட்டில் இருப்பது வேறு; அப்படி ஆவியாகி ஊரைக் கொல்லாது. ஸ்பிரே கன் அதை நுண்ணிய பனியாக்கிக் காற்றில் விடும்போது மட்டும் அது நுரையீரலுக்குள் போகும்.

போனால் அன்றே எதுவும் தெரியாது என்பதுதான் இதன் தந்திரம். சிலருக்குச் சில தடவைகளில், சிலருக்கு வருடங்கள் கழித்து, உடல் அந்தப் பொருளைப் பகையாகப் பழகிக்கொள்ளும். அதற்குப் பிறகு மிகச் சிறிய அளவு போதும், ஆஸ்துமா இழுப்பு வரும். பிரிட்டனில் தொழிலிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பின் கணக்குப்படி, வண்டிகளுக்கு ஸ்பிரே அடிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்ற உழைப்பாளிகளைவிட 80 மடங்கு. வாசனை வைத்து எச்சரிக்கையாக இருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மூக்குக்குத் தெரியும் அளவுக்கு முன்பே அது ஆபத்தான அளவைத் தாண்டிவிடும். மூக்கைச் சுற்றிக் கட்டும் கைக்குட்டை இதற்கு ஒன்றுமில்லை. கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சிய முகக்கவசமும் அப்படியே. வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும் என்கிறார்கள். தொழிற்சாலை பூத்தில் மேலிருந்து காற்று இறங்கி, தரை வழியாகப் பெயின்ட் பனியை இழுத்துச் செல்லும். சந்தில் காற்று இஷ்டத்துக்கு வீசும்: எதிர் வீட்டு ஜன்னலுக்கு, மாடியில் காயும் துணிக்கு, வேடிக்கை பார்க்கும் குழந்தைகளின் மூக்குக்கு.

இங்கேதான் போசரியின் விசித்திரம். தன் ஆலையில் முகமூடி மாட்டாமல் பூத்துக்குள் கால் வைக்காத ஆள், தவறினால் மெமோ வாங்கும் ஆள், தன் சொந்த வாசலில் சொந்தக் குழந்தைகளை நிற்க வைத்துக்கொண்டு கைக்குட்டையோடு கன்னைப் பிடிக்கிறார். ஆலையில் கற்ற கை வித்தை அப்படியே வீட்டுக்கு வந்திருக்கிறது. காவல் கேட்டைத் தாண்டி வரவில்லை. கேட்டால், ஒரே ஒரு நாள்தானே என்பது பதில். ஆனால் நண்பர் வட்டத்தில் கன் பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எல்லார் வீட்டுக் காருக்கும் அந்த ஒரு நாள் அவருக்கே வருகிறது.

தேய்ப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. பழைய பெயின்ட்டுகளில், முக்கியமாக மஞ்சளிலும் சிவப்பிலும் ஆரஞ்சிலும், ஈயச் சேர்மங்கள் கலப்பது வழக்கம். வீட்டுச் சுவர்களுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. வாகனப் பெயின்ட் அந்த விதிக்குள் வரவில்லை. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வாசலில் படியும், வாசலில் விளையாடும் குழந்தையின் கை வாய்க்குப் போகும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் ஈயத்தை அதிகம் ஏற்கும். பாதிப்பு மூளை வளர்ச்சிக்கு. ஈரம் விட்டுத் தேய்க்கும் பழைய வழக்கமே இதற்கு நல்லது. அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் தள்ளாமல், வடிய விட்டு வண்டலைத் தனியாக அள்ளிக் கட்டிப் போடும் பொறுமை இருந்தால் இன்னும் நல்லது.

கழற்றுவது, துரு வெட்டுவது, பட்டி பார்ப்பது, தேய்ப்பது, காகிதம் ஒட்டுவது, பிறகு பாலிஷ் போடுவது எல்லாம் வாசலிலேயே நடக்கட்டும். செலவில் பெரும் பகுதி அங்கேதான் மிச்சமாகிறது, உறவும் அங்கேதான். டூ-கே அடிக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் காரை மூடிய பூத் உள்ள பட்டறைக்கு ஓட்டிக்கொண்டுபோய்க் கூலி கொடுத்து அடித்து வரலாம். தேய்த்து முடித்த காருக்கு ஸ்பிரே கூலி மட்டும் என்றால் அவ்வளவு அதிகமில்லை. அதற்கும் மனமில்லாதவர்கள் லேக்கரோடு நிற்பது மேல். அதிலும் தின்னர் ஆவி இருக்கிறது, தீப்பற்றும் அபாயம் இருக்கிறது. சமையலறை அடுப்பும் பீடியும் அன்று அணைந்திருக்க வேண்டும்.

நிறம் முடிந்ததும் பையன்கள் அடுத்த பட்டியலோடு வருவார்கள். அகலமான சக்கரம், கறுப்புக் கண்ணாடி, முன்னால் இரும்பு கார்டு, உறுமும் சைலன்சர். புனே மங்கள்வார் பேட்டையில் புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாரில், நம் புதுப்பேட்டையைப் போலவே, ஒரு காரின் எந்த உறுப்பும் கிடைக்கும். சட்டம் அவ்வளவு தாராளமில்லை. கண்ணாடியில் கறுப்புப் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தடுத்தது. இரும்பு கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. பாதசாரி மேல் மோதினால் அந்த இரும்பு வளையாது. 2019 ஜனவரி 9ஆம் தேதி கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு விளக்கம் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. உடல் ஊனமுற்றவர் ஓட்டுவதற்காக அனுமதியோடு செய்யும் மாற்றங்களுக்கு இடம் உண்டு. சுருக்கமாக, சட்டத்தின் பார்வையில் தோல் உங்களுடையது, எலும்பு கம்பெனியுடையது.

அந்த எலும்பைச் சோதித்துச் சான்று தரும் இடமும் போசரியில் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனம், சி.ஐ.ஆர்.டி., 1967லிருந்து புனே-நாசிக் சாலையில் இயங்குகிறது. புதிய வண்டிகளையும் பாகங்களையும் சோதித்து ஒப்புதல் தர விதிகள் அங்கீகரித்த அமைப்புகளில் அது ஒன்று. ஜூனா பஜாரில் வாங்கிய கார்டை வெல்டு வைக்கும் சந்துக்கும் அந்த வாயிலுக்கும் இடையே ஷேர் ஆட்டோ தூரம்.

கட்டுப்பாட்டுக்கும் கைத்திறனுக்கும் நடுவில் ஒரு கௌரவமான சமரசம் மகாராஷ்டிரத்திலேயே நடந்திருக்கிறது. சாங்லி மாவட்டம் தேவராஷ்ட்ரே கிராமத்துக் கொல்லர் ஒருவர் மகன் ஆசைப்பட்டான் என்று பழைய இரும்பையும் பாகங்களையும் கொண்டு ஏறக்குறைய 60,000 ரூபாயில் ஒரு குட்டி ஜீப் செய்தார். ஸ்கூட்டர் போல உதைத்துக் கிளப்ப வேண்டும். 2021 டிசம்பரில் அதன் வீடியோவைப் பார்த்த தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா, எந்த விதிக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லி, இதை என்றைக்காவது அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள் என்று கணித்து, பதிலுக்கு ஒரு பொலெரோ தருவதாக அறிவித்தார். முதலில் தயங்கிய குடும்பம் பிறகு ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரியில் பொலெரோ வந்து சேர்ந்தது. கைவண்ண ஜீப் மஹிந்திராவின் சேகரிப்புக்குப் போனது. எல்லார் வாசலுக்கும் மஹிந்திரா வர மாட்டார்.

போசரிக் கார் மட்டும் கடைசியில் ஆர்.டி.ஓ. முன்னால் போய் நிற்கத்தான் வேண்டும். பரிசோதகர் பளபளப்பை ஒரு முறை பார்ப்பார், பாராட்ட மாட்டார். விளக்கு, பிரேக், புகைச் சான்று. பிறகு பானெட்டைத் திறக்கச் சொல்லி, சேஸிஸ் எண் பொறித்த இடத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசி எண்ணைப் படியெடுப்பார்கள். அந்த எண்ணின் மேல் பட்டியோ பெயின்ட்டோ ஏறியிருந்தால் படி சரியாக விழாது. சுரண்டினால் எண்ணே சந்தேகத்துக்குள்ளாகும். இதைத் தெரிந்தவர்கள் முதல் வியாழனிலேயே அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவார்கள். எல்லாம் முடிந்து டேப்பைப் பிய்க்கும்போது, விரல் நீளத்துக்கு ஒரு பட்டை, அடுப்பில் வெந்த பழைய நிறத்திலேயே இருக்கும்.